தடித்த ஸ்டட்டும் தளரும் சில்லும்

மொறிஸ் மைனர் 1948 இல் சந்தைக்கு வந்தது. 1971 இல் உற்பத்தி நின்றது. அலெக் இசிகொனிஸ் வடிவமைத்த இந்தச் சின்னக் கார்தான் பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார். பிறந்த நாட்டில் அது பெரும்பாலும் கண்காட்சிப் பொருளாகிவிட்ட பிறகும் இலங்கையில் சந்தைக்கும் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களுக்கென்றே நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர், 1990களின் தொடக்கத்தில் இந்தக் காருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்விக்கத் தொடங்கினார். அந்த அளவுக்கு இங்கே கைத்திறனும் இருந்தது, தேவையும் இருந்தது.

வடக்கில் அந்தத் தேவைக்கு வேறொரு காரணமும் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் உதிரிப்பாகமும் கிடைக்காதபோது, ஒஸ்டினும் மொறிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. போர் முடிந்த பிறகும் பழைய வண்டிகளுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீளத் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் புதுக் கார் என்பது விலை கேட்கவே பயமான பொருள். வீட்டு வளவுக்குள் மரநிழலில் கிடந்த பழைய உடல்கள் பல மீண்டும் கராஜுக்குப் போயின.

அப்படிப் போகும் மைனர் பெரும்பாலும் முழு மைனராகத் திரும்பி வருவதில்லை. எஞ்சின் ஜப்பான், கியர்ப்பெட்டி ஜப்பான், பல வண்டிகளில் பின் அச்சும் ஜப்பான். சிக்கல் தொடங்குவது இந்த இடத்தில்தான். மைனரில் சில்லை ஹப்போடு பூட்டும் மறையாணியான ஸ்டட் எட்டில் மூன்று அங்குலம், அதாவது 9.5 மில்லிமீற்றர் விட்டம். ஜப்பானிய அச்சில் இருப்பது 12 மில்லிமீற்றர் ஸ்டட். பழைய சில்லை எடுத்துப் புதிய ஹப்பில் வைத்தால் துளைக்குள் ஸ்டட் நுழையாது. பட்டறையில் உடனே ஒரு குரல் வரும்: “ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக்கினா முடிஞ்சுது அண்ணை.” கூடவே ஓர் ஆறுதலும் வரும்: “ஸ்டட் தடிப்புத்தானே, முந்தினதை விடப் பலம்.”

முதல் வசனத்தில் உள்ளது அவசரம். இரண்டாவதில் உள்ளது ஆபத்து. தடித்த ஸ்டட் பிழையாகப் பூட்டப்பட்டால், மெல்லிய ஸ்டட்டை விட விரைவாகச் சில்லைக் கழற்றிவிடும்.

சில்லைத் தாங்குவது எது?

மாட்டு வண்டியில் சில்லு கழலாமல் காப்பது அச்சாணி. அந்த ஆணியே தடுப்பு. ஆணி முறிந்தால் சில்லு போயிற்று. அங்கே தடித்த ஆணி நல்ல ஆணி என்பது சரி. கார்ச் சில்லையும் நாம் இதே கண்ணால் பார்க்கிறோம்: நான்கு ஸ்டட்கள், அவற்றில் தொங்கும் ஒரு சில்லு, வண்டியின் பாரம் ஸ்டட்களின் மேல்.

உண்மை வேறு. சரியாகப் பூட்டிய சில்லில் வண்டியின் பாரம் ஸ்டட்டின் மேல் குறுக்காக விழுவதே இல்லை. நட்டை முறுக்கும்போது ஸ்டட் நீளவாக்கில் இழுபடுகிறது. இழுபட்ட இரும்பு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த விசை சில்லின் வட்டை ஹப்பின் முகத்தோடு சேர்த்து நெரிக்கிறது. நெரிபட்ட இரண்டு முகங்களுக்கும் இடையில் எழும் உராய்வுதான் வண்டியைத் தாங்குகிறது, பிரேக் போட்டால் நிறுத்துகிறது, வளைவில் திருப்புகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நட்டுக்குக் கொடுக்கும் முறுக்கத்துக்கும் ஸ்டட்டில் உண்டாகும் இழுவிசைக்கும் பொறியியலாளர்கள் ஒரு சுருக்கமான சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: முறுக்கம் = 0.2 × விட்டம் × இழுவிசை. 0.2 என்பது உலர்ந்த, சுத்தமான மறைக்கான ஏறத்தாழ மதிப்பு. மைனரின் 9.5 மில்லிமீற்றர் ஸ்டட்டுக்கு 60 நியூட்டன் மீற்றர் முறுக்கம் கொடுத்தால், ஒரு ஸ்டட் ஏறத்தாழ 3.2 தொன் விசையுடன் சில்லை நெரிக்கும். நான்கும் சேர்ந்தால் 12 தொன்னுக்கு மேல். இரும்புக்கும் இரும்புக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 0.15 என்று குறைத்து எடுத்தாலும், சில்லு சறுக்குவதற்கு 1.9 தொன் விசை வேண்டும். நான்கு பேர் ஏறிய மைனரில் ஒரு சில்லின் மேல் விழும் பாரமோ 300 கிலோகிராமுக்குள். ஆறு மடங்குக்கு மேல் பாதுகாப்பு. ஒல்லியான அந்தப் பழைய ஸ்டட் ஐம்பது, அறுபது ஆண்டுகள் தாக்குப்பிடித்ததன் இரகசியம் இவ்வளவுதான்.

தடித்தால் என்ன ஆகும்?

இதே 60 நியூட்டன் மீற்றரை 12 மில்லிமீற்றர் ஸ்டட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். சூத்திரத்தில் விட்டம் கூடிவிட்டது. ஆகவே இழுவிசை குறையும். 3.2 தொன் இருந்த இடத்தில் 2.5 தொன்தான் கிடைக்கும். ஸ்டட் தடித்தது, பிடி தளர்ந்தது.

அதைவிட முக்கியமானது நீட்சி. நெரிபடும் பகுதி 20 மில்லிமீற்றர் நீளம் என்று கொள்வோம். மெல்லிய ஸ்டட் அந்த 3.2 தொன் இழுப்பில் 0.054 மில்லிமீற்றர் நீளும். தடித்த ஸ்டட், குறைந்த இழுப்பிலும் கூடிய பரப்பிலும், 0.028 மில்லிமீற்றர்தான் நீளும். இரண்டுமே தலைமயிரின் தடிப்புக்குள் அடங்கும் அளவுகள். ஆனால் சில்லின் உயிர் அந்த அளவுக்குள்தான் இருக்கிறது.

எப்படி என்றால், புதிதாகப் பூட்டிய எந்த மூட்டும் ஓடத் தொடங்கியதும் சற்று அமரும். சில்லுக்கு அடித்த புதுப் பெயின்ற் நசியும். ஹப்பின் முகத்தில் ஒட்டியிருந்த துரு பொடியாகி உதிரும். நட்டின் கூம்பு தன் இருக்கையில் பதியும். இப்படி மொத்தம் 0.02 மில்லிமீற்றர் அமர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். மற்ற நுணுக்கங்களை ஒதுக்கிவிட்டு எளிமையாகக் கணக்கிட்டால், மெல்லிய ஸ்டட் தன் இழுவிசையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இழக்கும். தடித்த ஸ்டட் எழுபது வீதத்துக்கு மேல் இழக்கும். நீள இடமில்லாத ஸ்டட்டுக்குச் சேமிப்பும் இல்லை.

பிடி குறைந்ததும் அடுத்த கட்டம் வேறு வகையானது. சில்லின் முகம் ஹப்பின் மேல் மிக நுட்பமாக அங்குமிங்கும் சறுக்கத் தொடங்கும். இந்தக் குறுக்குச் சறுக்கல்தான் நட்டைத் தானாகத் திருப்பிக் கழற்றுகிறது என்பதை 1969 இல் ஜேர்மனியப் பொறியியலாளர் கெர்ஹார்ட் யுங்கர் பரிசோதனை மூலம் காட்டினார். நீளவாக்கில் எவ்வளவு அதிர்ந்தாலும் பெரிதாக அசையாத நட்டு, குறுக்கே சறுக்கல் தொடங்கியதும் சிறிது நேரத்திலேயே கழன்றுவிடும். கூடவே ஸ்டட்டும் இப்போது வளைபடத் தொடங்குகிறது. மைனரின் சில்லு ஒரு கிலோமீற்றருக்கு 540 தடவை அளவில் சுற்றும். மன்னார் நகரத்திலிருந்து தலைமன்னார் வரை சுமார் 30 கிலோமீற்றர். ஒரு தடவை போவதற்குள் 16,000 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை வளைந்து நிமிரும் உருக்கு, களைப்படைந்து வெடிப்பு விடுவதற்கு அதிக நாள் தேவையில்லை.

அப்படியானால் தடித்த ஸ்டட்டுக்கு உரிய முழு முறுக்கத்தையே கொடுத்தால் என்ன? 12 மில்லிமீற்றர் ஸ்டட்டுக்கு ஜப்பானிய நிறுவனங்கள் 100 நியூட்டன் மீற்றர் அளவில் சொல்கின்றன. அதைக் கொடுத்தால் ஒரு ஸ்டட்டுக்கு 4.2 தொன் நெரிப்பு வரும். ஸ்டட்டுக்கு அது நல்லது. ஆனால் அந்த நெரிப்பை வாங்கப்போவது, துளை பெரிதாக்கப்பட்ட பழைய மைனர்ச் சில்லு.

கூம்பைத் தின்னும் துளைகருவி

மைனரின் நட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். சில்லை நோக்கிய பக்கம் தட்டையாக இருக்காது, கூம்பாகச் சரிந்திருக்கும். சில்லின் துளையும் வெறும் வட்ட ஓட்டை அல்ல. அதன் விளிம்பு கூம்பின் சரிவுக்கு ஏற்ற இருக்கையாக அழுத்திச் செய்யப்பட்டிருக்கும். இந்த இருக்கைக்கு இரண்டு வேலை. நட்டின் விசையைச் சில்லுக்குக் கடத்துவது ஒன்று. நான்கு கூம்புகளும் சேர்ந்து சில்லை ஹப்பின் நடுவுக்குக் கொண்டுவருவது மற்றது. உருக்குச் சில்லில் மூன்றாவது வேலையும் உண்டு: இருக்கையைச் சுற்றிய மெல்லிய தகடு சற்று எழும்பியிருக்கும். நட்டு இறுகும்போது அது வில் போல அமுங்கி, ஸ்டட்டின் இழுப்பைக் காக்க உதவும்.

துளையைப் பெரிதாக்கும்போது துளைகருவி தின்பது இந்த இருக்கையைத்தான். இருக்கையின் வெளிவாய் 18 மில்லிமீற்றர், உள்வாய் 11 மில்லிமீற்றர் என்று கொள்வோம். 12 மில்லிமீற்றர் ஸ்டட் தாராளமாகப் போக உள்வாயை 13.5 ஆக்கினால், நட்டு அமரும் பரப்பில் 30 வீதம் போய்விடும். நெரிப்போ 3.2 தொன்னிலிருந்து 4.2 ஆகக் கூடியிருக்கிறது. விசை மூன்றில் ஒன்று கூட, பரப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று குறைய, எஞ்சிய உலோகத்தின் மேல் அழுத்தம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அறுபது ஆண்டு பழைய தகடு அதைத் தாங்காமல் நசியும். நசிந்தால் இழுப்பு போகும். குறைவாக முறுக்கினால் பிடியில்லை, சரியாக முறுக்கினால் இருக்கை தாங்காது. துளையைப் பெரிதாக்குகிறவர் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார். பலவீனம் நீங்கவில்லை, ஸ்டட்டிலிருந்து சில்லுக்கு இடம் மாறியிருக்கிறது.

கையில் பிடித்த துளைகருவியால் இந்த வேலையைச் செய்தால் இன்னொரு கெடுதியும் சேரும். ஏற்கெனவே துளை உள்ள தகட்டில் பெரிய அலகு நடுவில் நிற்காது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய் துளையை நீள்வட்டமாக்கிவிடும். நான்கு துளைகளும் நான்கு திசையில் அரை மில்லிமீற்றர் விலகினால், சில்லு நடுவில் அமராது. ஸ்ரியறிங் நடுங்கும்போது டயரைக் குறை சொல்வோம், பலன்ஸ் பண்ணுவோம், நடுக்கம் போகாது.

1.6 மில்லிமீற்றர் என்னும் பொறி

ஸ்டட்டின் தடிப்பைப் பார்ப்பதற்கு முன்பே பார்க்க வேண்டிய அளவு ஒன்று இருக்கிறது: ஸ்டட்களின் நடுப்புள்ளிகள் வழியே வரையும் வட்டத்தின் விட்டம். மைனருக்கு அது 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். ஜப்பானியக் கார்களில் நான்கு ஸ்டட் உள்ளவற்றில் பரவலாக இருப்பவை இரண்டு: 114.3, 100.

114.3 வந்தால் கவலையில்லை. சில்லு ஏறவே ஏறாது, பேச்சு முடிந்தது. வில்லங்கம் 100 இல்தான். வித்தியாசம் 1.6 மில்லிமீற்றர், ஒவ்வொரு ஸ்டட்டும் துளையின் நடுவிலிருந்து 0.8 மில்லிமீற்றர் உள்ளே நிற்கும். துளையைப் பெரிதாக்கிவிட்டால் சில்லு ஏறிவிடும். நட்டும் ஏறும், இறுகும், சத்தமும் வராது. ஆனால் ஒவ்வொரு கூம்பும் தன் இருக்கையின் ஒரு பக்கத்தில் மட்டும் சாய்ந்து நிற்கும். நேராக இழுபட வேண்டிய ஸ்டட் முதல் நாளிலேயே வளைந்து இழுபடும். பொருந்தாத சில்லை விட, கிட்டத்தட்டப் பொருந்தும் சில்லு கூடிய ஆபத்தானது.

அளப்பது எளிது. நான்கு ஸ்டட் என்றால் எதிரெதிர் ஸ்டட்களின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்கலாம். ஐந்து ஸ்டட் என்றால் அடுத்தடுத்த இரண்டின் நடு இடைவெளியை 1.7 ஆல் பெருக்கினால் வட்டத்தின் விட்டம் வந்துவிடும். தச்சுவேலை நாடாவை நம்பாமல் வேர்ணியர் இடுக்கியால் அளக்க வேண்டும். மறையையும் பார்க்க வேண்டும். ஒரே 12 மில்லிமீற்றர் ஸ்டட்டில் டொயோட்டாவும் ஹொண்டாவும் 1.5 மில்லிமீற்றர் இடைவெளி மறையைப் பயன்படுத்துகின்றன. நிசானும் சுசூக்கியும் பெரும்பாலும் 1.25. இரண்டு சுற்று ஏறிவிட்டுப் பிறகு இறுகும் நட்டை இழுத்து முறுக்கினால் இரண்டின் மறையும் போகும்.

சோளகமும் உப்பும்

மன்னாரில் இந்தக் கணக்குகள் எல்லாவற்றையும் இன்னும் இறுக்கமாகப் போட வேண்டும். பெருநிலத்தின் தள்ளாடியிலிருந்து மன்னார்த் தீவுக்கு வரும் பாலத்தில் இரு பக்கமும் கடல். நகரத்தின் வாசலில் உப்பளம். சோளகக் காற்று எழும்பினால் மாதக்கணக்கில் உப்புத் தூவல். இங்கே நிறுத்திய கார் ஓடாவிட்டாலும் தேயும்.

தூய கறியுப்பு, காற்றின் சாரீரப்பதன் 75 வீதத்தைத் தாண்டும்போதுதான் ஈரத்தை இழுத்துக் கரையும். கடலுப்பில் மகனீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது; அது 33 வீதத்திலேயே ஈரம் இழுக்கத் தொடங்கிவிடும். மத்தியான வெயிலில்கூட ஸ்டட்டின் மறைக்குள் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் நிற்கும் என்பது இதன் பொருள். ஒட்சிசனும் நீரும் குளோரைட்டும் சேர்ந்தால் துருவுக்கு வேறென்ன வேண்டும்?

துரு ஸ்டட்டை மெலிப்பது மெதுவான கெடுதி. நட்டை முறுக்கும் நிமிடத்தில் அது செய்யும் ஏமாற்று உடனடியானது. நாம் கொடுக்கும் முறுக்கத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் ஸ்டட்டை நீட்டப் பயன்படுகிறது. பாதியளவு நட்டின் முகத்து உராய்விலும், மிச்சம் மறையின் உராய்விலும் செலவாகிவிடும். துருவேறிய மறையில் 0.2 என்ற அந்த மதிப்பு 0.3 ஆகக் கூடினால், முறுக்கச் சாவி 100 என்று காட்டும்போது 4.2 தொன்னுக்குப் பதில் 2.8 தொன்தான் கிடைக்கும். கைக்கு இறுக்கமாகத் தெரியும். சில்லுக்கு இறுக்கம் போய்ச்சேராது. மறுபக்கம், மறைக்குக் கிறீஸ் பூசிவிட்டு அதே 100 கொடுத்தால் உராய்வு குறைந்து இழுப்பு எல்லை மீறும். ஸ்டட் நீண்டு திரும்பாமல் போகலாம். ஆகவே கம்பித் தூரிகையால் மறையைச் சுத்தம் செய்து, உலர்ந்த நிலையில் பூட்டுவதே நியாயமான வழி.

அலோய் சில்லு போடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. அலுமினியமும் உருக்கும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சிறிய மின்கலம், அரிபடுவது அலுமினியம். வெள்ளைப் பொடி படிந்து சில்லு ஹப்போடு ஒட்டிக்கொள்ளும்; அடுத்த முறை பூட்டும்போது அந்தப் பொடியே இரு முகங்களுக்கும் நடுவில் நின்று நசியும்.

தம்பபவனி சொல்லும் பாடம்

இதே பௌதிகத்தைப் பெரிய அளவில் காண மன்னார்க்காரர் தூரம் போக வேண்டியதில்லை. தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பூங்காவில் 30 காற்றாலைகள் நிற்கின்றன, ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று, மொத்தம் 103.5 மெகாவாற்று. சுழலும் வட்டத்தின் விட்டம் 126 மீற்றர். அந்த நீண்ட அலகுகளை நடு ஹப்போடு பிடித்து வைத்திருப்பவையும் நெருக்கமாக வரிசையிட்ட ஸ்டட்கள்தான். அங்கேயும் தாங்குவது ஸ்டட்டின் குறுக்கு வலிமை அல்ல, அதன் இழுப்பு.

இத்தகைய பெரிய காற்றாலைகளில் முறுக்கத்தை மட்டும் நம்பாமல், நீரியல் கருவியால் ஸ்டட்டை நேராகப் பிடித்து இழுத்து, இழுபட்ட நிலையில் நட்டைக் கீழே ஓட்டி நிறுத்தும் முறையும் உண்டு. உராய்வின் ஏமாற்று அங்கே செல்லாது. பூட்டிய பிறகு குறித்த காலத்தில் திரும்ப ஏறிச் சோதிப்பதும் அட்டவணையில் உள்ள வேலை. கோடிக்கணக்கில் பெறுமதியான இயந்திரத்தைக் கட்டியவர்களே மூட்டு அமரும் என்று ஒப்புக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

முதல் தெரிவு: அச்சு எதுவோ, சில்லும் அதுவே. ஜப்பானிய ஹப்புக்கு அதற்கென்று செய்த 14 அங்குலச் சில்லைப் போடுங்கள். மைனரின் சில்லும் 14 அங்குலம்தான். டயரின் வெளி விட்டத்தைப் பொருத்தமாகத் தெரிவுசெய்தால் வண்டியின் தோற்றமும் அதிகம் கெடாது. பின் அச்சு மட்டும் மாறிய வண்டியில் முன் சில்லும் பின் சில்லும் வேறு என்பதால் இரண்டு உதிரிச் சில்லு வைத்திருக்க வேண்டி வரும். அது சிறு விலை.

இரண்டாவது தெரிவு: சில்லைத் தொடாமல் ஹப்பை மாற்றுவது. ஹப்பின் விளிம்பு தடித்த உருக்கு. சில்லின் தகட்டைப் போல மெல்லியதல்ல. நல்ல லேத் பட்டறையில் பழைய துளைகளுக்கு நடுவில் 101.6 மில்லிமீற்றர் வட்டத்தில் புதுத் துளைகள் இட்டு, உரிய தரமான ஸ்டட்டை அழுத்திப் பொருத்தலாம். ஏற்கெனவே உள்ள தடித்த ஸ்டட்டையே கடைந்து மெலித்து மறை வெட்டுவது மட்டும் வேண்டாம். தொழிற்சாலை ஸ்டட்டின் மறை உருட்டி அழுத்தி உருவாக்கப்படுவது. அதன் வேரில் உள்ள இறுக்கம் வெடிப்பைத் தடுக்கும். வெட்டிய மறைக்கு அந்தக் காப்பு இல்லை.

மூன்றாவது தெரிவு, வேறு வழியே இல்லாதபோது மட்டும்: தடித்த இருக்கை உள்ள சில்லை இயந்திர மேசையில் இறுகப் பிடித்து, துளையைப் பெரிதாக்கி, நட்டின் கூம்புக்கு ஒத்த கோணத்தில் இருக்கையைப் புதிதாக வெட்டுவது. இருக்கைக்கு உலோகம் போதாது என்று பட்டறைக்காரர் சொன்னால், அது முடிவான பதில். கையில் பிடிக்கும் துளைகருவிக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை.

எந்த வழியில் பூட்டினாலும் சில விடயங்கள் மாறாது. இரு முகங்களிலும் பெயின்ற், துரு, மணல் இல்லாமல் சுரண்டிவிடுங்கள். எதிரெதிர் நட்டாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். கடைசிச் சுற்றை முறுக்கச் சாவியால் முடியுங்கள். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு மறுபடி சாவி போடுங்கள். நட்டைச் சுற்றிச் சில்லில் செம்மஞ்சள் துருக்கோடுகள் கதிர்போலக் கீறியிருந்தால், துளையின் ஓரம் மினுங்கித் தேய்ந்திருந்தால், மெதுவாக ஓடும்போது ஒரு பக்கத்தில் “டக் டக்” என்று கேட்டால், வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். நட்டை இறுக்கிக்கொண்டு வீடுவரை ஓடிவிடலாம் என்று எண்ண வேண்டாம். அந்த நிலைக்கு வந்த ஸ்டட்டும் சில்லும் பழைய இரும்புக் கடைக்கு உரியவை.

பழைய காரைப் புதுப்பிப்பது நல்ல வேலை. காசும் மிச்சம், கைத்திறனும் வாழும். எஞ்சினுக்கும் பெயின்ற்றுக்கும் மாதக்கணக்கில் செலவிடுகிறவர்கள், நான்கு நட்டுக்காக ஒரு முறுக்கச் சாவியும் ஒரு வேர்ணியர் இடுக்கியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டட் எவ்வளவு தடிப்பு என்று கேட்பதற்கு முன், அது எவ்வளவு இழுபட்டு நிற்கிறது என்று கேளுங்கள்.